நாற்பது கிராம் மிசோ

— அக்கா, அடுப்பைக் குறை. எள்ளு பொரிய ஆரம்பிச்சாச்சு. நீ எள்ளைப் பாக்கறியா, வாசலைப் பாக்கறியா?

— எள்ளைத்தான்டி பாக்கறேன்.

— ஆமா, பெரிய எள்ளு. காதுல கம்மல் மாத்தியிருக்கே, தலையை ரெண்டு தடவை சீவியாச்சு. சரி, காலையில உன் பையன் போன்ல என்னதான் சொன்னான்? பாதி சொல்லிட்டு அடுப்படிக்கு ஓடி வந்துட்டே.

— என்ன சொல்வான்? கல்யாணம் இல்லைன்னுட்டான்.

— ஐயோ! ஏன்க்கா?

— அவளுக்கு வேற ஊர்ல மருந்துக் கம்பெனியில வேலை கிடைச்சிருக்காம். இவன் லிஃப்ட் ரிப்பேர் வேலையை விட்டுட்டு வரமுடியாதுன்னானாம். பேச்சு முத்திப்போய், அவ மோதிரத்தைக் கழட்டி மேஜையில வெச்சுட்டுப் போயிட்டா. "அம்மா, இனிமே இதைப் பத்திப் பேசாதே"ன்னு போனை வெச்சுட்டான். குரலே சரியில்லைடி. நான் பெத்த பிள்ளை அழறானா இல்லையான்னு எனக்குத் தெரியாதா?

— பொண்ணோட அப்பாவுக்கு விஷயம் தெரியுமா?

— தெரிஞ்சா வருவாரா? இப்பத்தான், "கிளம்பிட்டேன் சம்பந்தியம்மா, மிசோ எடுத்துக்கிட்டேன்"னு செய்தி அனுப்பியிருக்கார்.

— அந்த மிசோ எனக்கு இன்னும் புரியலை. போன வாரம் டப்பாவைத் திறந்து மோந்து பாத்தேன், மூக்கைச் சுளிச்சுட்டேன். பிஸ்கட்டுல போய் அதையா போடுவாங்க?

— சோயாபீன்ஸை உப்பு போட்டு மாசக்கணக்கா புளிக்க வெச்ச விழுது. தனியா மோந்தா அப்படித்தான் இருக்கும். வெண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்துட்டா அதோட குணமே வேற. இவனுக்கு இனிப்பு பிஸ்கட் இல்லாம டீ இறங்காது. அவளுக்கு உப்பு பிஸ்கட்தான் வேணும். கல்யாணத்துக்கு வர்றவங்களுக்கு டீயும் பிஸ்கட்டும் போதும்னு ரெண்டும் ஒத்துமையா சொல்லிட்டு, எந்த பிஸ்கட்டுன்னு ஒரு வாரம் அடிச்சுக்கிச்சு. அப்பத்தான் அவர், "ரெண்டும் ஒண்ணா இருக்கற மாதிரி நாமளே பண்ணிடலாமே"ன்னு ஆரம்பிச்சார்.

— ஆரம்பிச்சு ஏழு ஞாயித்துக்கிழமை ஆச்சு. அவர் தராசு ரிப்பேர் பண்றவர். நீ அரை நூல் பிசகாம தைக்கறவ. ரெண்டு பேரும் சேர்ந்து ஏழு வாரமா ஒரு பிஸ்கட்டை உருப்படியா எடுக்கலைன்னா ஊர் சிரிக்கும்க்கா.

— எள்ளை இறக்கு. பேசிப்பேசியே கருக்கிடுவே.

— பேச்சை மாத்தாதே. அவர் உள்ள வந்ததும் சொல்லிடு.

— வாசல்லயே சொன்னா, அப்படியே திரும்பிப் போயிடுவார்டி. எந்த உறவுல உள்ள வருவார், சொல்லு? சம்பந்தின்னா எப்ப வேணா வரலாம், ரெண்டு மணி நேரம் உக்காந்து பேசலாம், ஒருத்தரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. நாளைக்கு அவர் எனக்கு யாரு?

— ஓஹோ.

— என்ன ஓஹோ?

— பையனோட கல்யாணம் நின்னதுக்கு ஒரு பங்கு அழுகை. இவர் வர்றது நின்னுபோயிடுமேன்னு ரெண்டு பங்கு.

— ஆமான்னே வெச்சுக்கோ. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம். ஞாயித்துக்கிழமைன்னா எனக்கு மெஷினுக்கு எண்ணெய் போடற நாள், பாபினைத் துடைக்கற நாள். அதுக்கப்புறம் ஜன்னல்கிட்ட உக்காந்து எப்படா திங்கட்கிழமை வரும்னு பாத்துக்கிட்டிருப்பேன். இந்த ஏழு வாரமா சனிக்கிழமை ராத்திரியே எனக்குத் தூக்கம் பிடிக்கலை. ஐம்பத்தி மூணு வயசுல எனக்கு இதெல்லாம் தேவையான்னு நீ கேக்கறதுக்கு முன்னாடி நானே கேட்டுக்கிட்டேன்.

— நான் கேக்கலைக்கா. ஆனா மறைக்காதே. அப்புறமா தெரிஞ்சா, தெரிஞ்சுக்கிட்டே வெச்சுக்கிட்டிருந்தாளேன்னு நினைப்பார். அது இதைவிடக் கேவலம்.

— முதல் தட்டு ஓவன்லேர்ந்து வெளிய வரட்டும். சொல்லிடறேன்.

— சத்தியமா?

— சத்தியமா. மணி அடிக்குது பாரு. போய்த் திற. வாயை மூடிக்கிட்டுத் திற.

— வாங்க, வாங்க. நல்ல நேரத்துல வந்தீங்க, நான் இப்பத்தான் கிளம்பறேன். அக்கா உங்ககிட்ட ஏதோ முக்கியமா சொல்லணுமாம்.

— ஏய்!

— வரேன்க்கா.

— என்ன சொல்லணும் சம்பந்தியம்மா?

— ஒண்ணுமில்லை சம்பந்தி. எள்ளு வறுத்தாச்சுன்னு சொல்ல வந்தேன். அவளுக்கு எதையும் பெருசாக்கியே பழக்கம். உக்காருங்க. என்ன இது, இவ்வளவு பெரிய டப்பா?

— மிசோ. சின்னது தீர்ந்துபோச்சுன்னாங்க. சரியா சொல்லணும்னா, சின்னது இருந்தது. இதுதான் விலை கட்டுபடியாச்சு.

— ஊருக்கே பிஸ்கட் போடலாம் போல இருக்கே. சரி, கையைக் கழுவிட்டு வாங்க. பொண்ணு சௌக்கியமா?

— ம். சௌக்கியம். உங்க பையன்?

— அவனுக்கென்ன. சௌக்கியம்.

— வெண்ணெய் இளகியிருக்கா?

— விரலை வெச்சா பள்ளம் விழுது, உருகலை. நீங்க சொன்ன மாதிரியே காலையிலேயே வெளிய எடுத்து வெச்சுட்டேன். நூத்தி பதினைஞ்சு கிராம்.

— பரவாயில்லையே.

— ஏழு வாரம் குட்டு வாங்கினவளாச்சே. சர்க்கரை நூறு. பழுப்புச் சர்க்கரைதான். மாவு சலிச்சாச்சு. மிசோ மட்டும் நீங்க போடுங்க, எனக்கு அந்தப் பிசுபிசுப்பு கையில வராது.

— நாப்பது கிராம்.

— உப்பு தனியா போடாதீங்க. முதல் வாரம் ஞாபகம் இருக்கில்லை?

— மறக்க முடியுமா? அதுலயே உப்பு இருக்குன்னு தெரியாம ஒரு ஸ்பூன் உப்பையும் போட்டுட்டு, ரெண்டு பேரும் ஆளுக்கு நாலு டம்ளர் தண்ணி குடிச்சோம். அது நிஜமாவே தெரியாம பண்ணினது.

— அது என்ன, "அது நிஜமாவே"?

— ஒண்ணுமில்லை. முப்பத்தெட்டு... நாப்பது. சரியா நாப்பது.

— நான் வெண்ணெயைக் குழைக்கறேன். இந்த மிஷின் போடற சத்தத்துல ஒண்ணும் காதுல விழாது, ஏதாவதுன்னா கத்துங்க. ...நிறுத்துங்க! நில்லுங்க சம்பந்தி. கையை அப்படியே வைங்க.

— எந்தக் கை?

— ஸ்பூன் இருக்கற கை. நாப்பது கிராமைத் தட்டுலேர்ந்து எடுத்துக் கிண்ணத்துல போட்டாச்சு. இப்ப எதுக்கு இன்னொரு ஸ்பூன் மிசோ அதுல போகுது?

— இதுவா? இது... சும்மா.

— சும்மாவா? தராசு முள்ளு ஒரு கிராம் தள்ளினா ராத்திரி தூங்காத மனுஷன், சும்மா ஒரு ஸ்பூன் போடுவாரா? கையும் களவுமா பிடிச்சாச்சு. உண்மையைச் சொல்லுங்க. போன வாரமும் போட்டீங்களா?

— சரியா சொல்லணும்னா...

— சொல்லுங்க.

— நாலாவது வாரமும் போட்டேன். போன வாரமும் போட்டேன். ஆறாவது வாரம் மிசோ இல்லை. ஓவன் சூட்டை நூத்தி எழுபதுலேர்ந்து இருநூறுக்குத் திருப்பினேன். நீங்க தண்ணி குடிக்கப் போயிருந்தீங்க.

— ஏன்?

— சரியா வந்துட்டா, அடுத்த வாரம் நான் எதுக்கு வரணும்? கோவமா?

— முப்பது பிஸ்கட் தீஞ்சுபோச்சேன்னு நான் அன்னிக்கு அவ்வளவு வருத்தப்பட்டேன். நீங்க பக்கத்துல உக்காந்து, "அடுத்த வாரம் பாத்துக்கலாம் சம்பந்தியம்மா"ன்னு ஆறுதல் சொல்றீங்க. கல்லுளிமங்கன்!

— மன்னிச்சுக்கங்க. முப்பது வருஷமா கடைகடையாப் போய், எடையில தப்பு இருக்கான்னு பாத்து சரி பண்றவன். நான் தெரிஞ்சே பண்ணின தப்பு இது ஒண்ணுதான். நான் வேணா கிளம்பிடட்டுமா?

— உக்காருங்க முதல்ல. அஞ்சாவது வாரம் எள்ளு கருகி எல்லாம் கசந்துதே, ஞாபகம் இருக்கா?

— நல்லா இருக்கு. என் பொண்ணு ஒண்ணைக் கடிச்சுட்டு, மாத்திரையே தேவலைன்னா.

— தையல்காரி கண்ணு சம்பந்தி. வெள்ளை எள்ளு பொன்னிறத்துக்கு வர்றது எப்ப, அதைத் தாண்டறது எப்பன்னு தெரியாதா எனக்கு? பாத்துக்கிட்டே நின்னேன். இறக்கலை.

— நீங்களா?

— மூணாவது வாரம் மாவை ஃப்ரிட்ஜுல வைக்க மறந்துட்டேன்னு சொன்னேனே, தட்டு முழுக்கப் பரந்து ஒரே அப்பளமா ஆச்சே? மறக்கவும் இல்லை, ஒண்ணும் இல்லை.

— அப்ப ஏழு வாரத்துல...

— தெரியாம கெட்டது முதல் ரெண்டு தடவைதான். மீதியெல்லாம் நம்ம கைங்கரியம்.

— சிரிக்காதீங்க சம்பந்தியம்மா, எனக்கும் அடக்க முடியலை.

— கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. அந்தத் துண்டைக் குடுங்க. ஐயோ கடவுளே, கழுதை வயசாச்சு ரெண்டு பேருக்கும்!

— இன்னிக்கு என்ன பண்றது?

— இன்னிக்கு ஒழுங்கா பண்ணுவோம். அந்த ஸ்பூனைக் கழுவி வைங்க. என் கண்ணு உங்க கையிலயே இருக்கும்.

— உங்க கையை யாரு பாக்கறது?

— நீங்க பாருங்க. மாவைக் கொட்டுங்க. பிசையாதீங்க, சேர்ந்து வந்தா போதும். கறுப்பு எள்ளு உள்ள, வெள்ளை எள்ளு வெளிய. இப்படி உருளையா உருட்டி, எள்ளுல புரட்டி, காகிதத்துல சுத்திடணும். எவ்வளவு அழகா வந்திருக்கு பாருங்க.

— ஃப்ரிட்ஜுல எவ்வளவு நேரம்?

— அரை மணி. நிஜமான அரை மணி. டீ போடறேன்.

— சம்பந்தியம்மா, உங்ககிட்ட ஒண்ணு...

— நானும் உங்ககிட்ட ஒண்ணு...

— நீங்க முதல்ல சொல்லுங்க.

— இல்லை, நீங்க.

— சர்க்கரை கம்மியா போடுங்கன்னு சொல்ல வந்தேன்.

— நானும் அதைத்தான் கேக்க வந்தேன். உங்களுக்கு அரை ஸ்பூன்தானே?

— அரைதான்.

— வீட்டுல தனியா இருக்கறப்ப டீ போட்டுக் குடிப்பீங்களா?

— இல்லை. என் வீட்டுக்காரி போனதுக்கப்புறம் ஆறு வருஷமா டீக்கடையிலதான். ஒரு டம்ளர் டீக்காக அடுப்பைப் பத்த வெக்கறது என்னமோ மாதிரி இருக்கு. பொண்ணு வந்தா போடுவா.

— பொண்ணு... சரி, அரை மணி ஆயிருக்கும். கத்தியை எடுங்க.

— ஆறு நிமிஷம் பாக்கி இருக்கு.

— சரிங்க, தராசு.

— இப்ப எடுக்கலாம். ஒரு விரல் கனம் வேண்டாம், அரை விரல் போதும். நீங்க வெட்டுங்க, நான் அடுக்கறேன். இடைவெளி விட்டு அடுக்கறேன்.

— நூத்தி எழுபது?

— நூத்தி எழுபது. வந்து பாத்துக்கங்க.

— நம்பறேன். ...இல்லை, வந்து பாக்கறேன். சரி, நூத்தி எழுபதுதான். உள்ள வைங்க.

— வாசனை வருது பாத்தீங்களா? முதல்ல வெண்ணெய் மட்டும் வந்தது. இப்ப எள்ளு.

— ஓரம் பழுப்பாகுது. எடுத்துடலாமா?

— இன்னும் ஒரு நிமிஷம். மிசோ சட்டுனு நிறம் மாறிடும். ...இப்ப. துணியைப் பிடிச்சுக்கங்க, சுட்டுடப் போகுது.

— மெத்துன்னு இருக்கே? வேகலையோ?

— சூட்டுல அப்படித்தான் இருக்கும். ஆறினா மொறுமொறுன்னு ஆயிடும். தட்டுலயே விடுங்க, தொடாதீங்க. பத்து நிமிஷம்.

— பத்து நிமிஷம். ம்.

— ஏன் பெருமூச்சு?

— ஒண்ணுமில்லை. சில நாள் பத்து நிமிஷம் ஓடவே ஓடாது. இன்னிக்கு என்னவோ றெக்கை கட்டிக்கிட்டுப் போகுது. ...ஆறிடுச்சு. எடுங்க ஒண்ணு. சேர்ந்தே கடிப்போம்.

— ம்.

— ம்ம்.

— முதல்ல இனிப்பு. அது முடியறதுக்குள்ள உப்பு வந்துடுது. விழுங்கினதுக்கு அப்புறமும் எள்ளு நாக்குல நிக்குது.

— சரியா வந்துடுச்சு.

— சரியா வந்துடுச்சு சம்பந்தியம்மா.

— இவ்வளவு நல்லா வந்திருக்கு. நமக்கு ஏன் சந்தோஷமே இல்லை?

— எனக்குக் காரணம் தெரியும். உங்களுக்கு ஏன் இல்லை?

— முதல் தட்டு வெளிய வந்ததும் சொல்றேன்னு என் தங்கச்சிகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன். சுத்தி வளைக்காம சொல்லிடறேன், நீங்க பிஸ்கட்டைக் கீழ வைங்க. காலையில பையன் போன் பண்ணினான். கல்யாணம் நின்னுபோச்சு. உங்க பொண்ணு மோதிரத்தைக் கழட்டி வெச்சுட்டாளாம். நீங்க இவ்வளவு ஆசையா வரும்போது வாசல்லயே சொல்ல எனக்கு வாய் வரலை. தப்புதான். ஒரு மத்தியானம் கூட இருக்கட்டுமேன்னு மறைச்சுட்டேன். திட்டறதுன்னா திட்டிடுங்க.

— திட்டறதுக்கு எனக்கு யோக்கியதை இல்லை. எனக்கு புதன்கிழமையே தெரியும்.

— என்னது?

— சாயந்திரம் நேரா என் தராசுக் கடைக்கு வந்தா. மேஜையில தலையைக் கவுத்துக்கிட்டு ஒரு மணி நேரம் அழுதா. என்னால ஒண்ணும் பண்ண முடியலை. பக்கத்துல உக்காந்திருந்தேன்.

— புதன்கிழமை தெரியும். இந்த மிசோ டப்பா எப்ப வாங்கினீங்க?

— வியாழக்கிழமை.

— கல்யாணம் இல்லைன்னு தெரிஞ்சதுக்கப்புறமா?

— ஒரு வருஷத்துக்கு வரும்னு கடைக்காரர் சொன்னார். பஸ்ல வரும்போது ஒரு வார்த்தை மனப்பாடம் பண்ணிக்கிட்டு வந்தேன்.

— சொல்லுங்க.

— மறந்துபோச்சு. ...சரியா சொல்லணும்னா மறக்கலை. பயமா இருக்கு.

— பிள்ளைங்க ரெண்டும் மனசு உடைஞ்சு கிடக்கு. நாம இங்க உக்காந்து என்ன பேசறோம்னு எனக்கும் பயமாத்தான் இருக்கு. இருந்தாலும் சொல்லுங்க.

— இனிமே நான் உங்களுக்கு சம்பந்தி இல்லை. புதன்கிழமை ராத்திரி முழுக்க அதை நினைச்சு வருத்தப்பட்டேன். விடியறப்ப வேற மாதிரி தோணுச்சு. சம்பந்தியா இருந்தா வாரத்துக்கு ஒரு நாள் வரலாம். அதுக்கு மேல ஒண்ணும் கேக்க முடியாது. இப்ப கேக்கலாம் இல்லையா? எனக்கு உங்க கூடவே இருக்கணும். ஞாயித்துக்கிழமை மட்டும் இல்லை. ஒரு டம்ளர் டீக்கு அடுப்பு பத்த வெக்கறது கஷ்டமா இருக்கு. ரெண்டு டம்ளருக்குன்னா நானே பத்த வெப்பேன்.

— இதுவா மனப்பாடம் பண்ணினது?

— இல்லை. அது இன்னும் நல்லா இருந்தது.

— இதுவே போதும். யோசிச்சு சொல்றேன்னுதான் பொம்பளை சொல்லணும். என் தங்கச்சியும் அதைத்தான் சொல்லச் சொல்லுவா. ஆனா எனக்கு யோசிக்க ஒண்ணும் பாக்கியில்லை. அஞ்சாவது வாரம் எள்ளு கருகறப்பவே யோசிச்சாச்சு.

— அப்படின்னா?

— அப்படின்னா சரிங்க. சரின்னு அர்த்தம். என்ன மனுஷன் நீங்க, அழறீங்களா? இந்தாங்க, துண்டு.

— உங்க போன் அடிக்குது.

— பையன்தான். கையெல்லாம் வெண்ணெய். அந்த ஸ்பீக்கரை அமுக்குங்க. ...சொல்லுடா கண்ணா.

— அம்மா! அம்மா, காலையில சொன்னதையெல்லாம் மறந்துடு. நாங்க பேசித் தீர்த்துட்டோம்!

— என்னடா சொல்றே?

— கல்யாணம் நடக்குதும்மா. அதே தேதி. நானும் அவ கூட அந்த ஊருக்கே போயிடறேன். லிஃப்ட் இல்லாத ஊரா இருக்கப்போகுது? பக்கத்துலதான் இருக்கா, ஒரே அழுகையும் சிரிப்பும். மாமா அங்க இருக்காரா? அவ பத்து தடவை போட்டும் அவர் போனை எடுக்கலையாம்.

— இருக்கார். லைன்லயே இருடா, ஒரு நிமிஷம். ...மியூட்ல போட்டுட்டேங்க. அவனுக்குக் கேக்காது.

— என் போன் சட்டைப்பையில சத்தமில்லாம கிடந்திருக்கு.

— நல்லதுதான் நடந்திருக்கு. ரெண்டும் சேர்ந்துடுச்சு. எனக்கு சந்தோஷம்தான், நிஜமா சந்தோஷம்தான். அப்புறம் ஏன் எதையோ பறிகொடுத்த மாதிரி இருக்கு?

— எனக்கும் அப்படித்தான் இருக்கு.

— நாம வாயைத் திறக்கலைன்னா பழையபடியே இருந்துடலாம். நீங்க சம்பந்தி, நான் சம்பந்தியம்மா. யாருக்கும் எந்தச் சங்கடமும் இல்லை. அதுதான் சரின்னு நீங்க சொன்னா நான் கோவிச்சுக்க மாட்டேன். மனசாரச் சொல்றேன்.

— உங்களுக்கு அது போதுமா?

— போதாது.

— மியூட்டை எடுங்க.

— என்ன சொல்லப் போறீங்க?

— தெரியலை. எடுங்க.

— ...டேய், மாமா பேசறார்.

— மாமா! கேட்டீங்களா மாமா? சந்தோஷம்தானே?

— ரொம்ப சந்தோஷம். ரெண்டு பேரும் நூறு வருஷம் நல்லா இருக்கணும். ஒரே ஒரு சிக்கல்தான்: இனிமே உங்களை மாப்பிள்ளைன்னு கூப்பிடறதா, மகனேன்னு கூப்பிடறதான்னு உங்க அம்மாவும் நானும் இன்னும் முடிவு பண்ணலை.